திங்கட்கிழமை போடுங்க

திருப்பூரில் யாரும் செக்கை மட்டும் கொடுப்பதில்லை. கூடவே ஒரு வார்த்தையும் வரும். "திங்கட்கிழமை போடுங்க." வெள்ளிக்கிழமை கொடுத்தாலும் திங்கட்கிழமைதான், செவ்வாய்க்கிழமை கொடுத்தாலும் திங்கட்கிழமைதான். கொஞ்சம் நெருக்கமான பார்ட்டி என்றால் "ஒரு போன் பண்ணிட்டுப் போடுங்க அம்மணி" என்பார்கள். செக்கில் ஒரு தேதி எழுதியிருக்கும், வாயால் ஒரு கிழமை சொல்லியிருப்பார்கள். வாயால் சொன்னதுதான் செல்லும்.

நாங்கள் அட்டைப்பெட்டி போடுகிறோம். பனியன் கம்பெனிகள் சரக்கை அடுக்கி ஏற்றுமதிக்கு அனுப்புகிற கார்ட்டன் பாக்ஸ், ஐந்து பிளை, ஏழு பிளை. அப்பா ஆரம்பித்த யூனிட். பதினான்கு வருஷமாகக் கணக்கு என் கையில். டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் எல்லாம் ஏறிவிடுகிறது. ஆனாலும் ஒரு நீள நோட்டில் இடது பக்கம் வரவேண்டிய செக், வலது பக்கம் போகவேண்டிய செக் என்று பென்சிலில் எழுதினால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும். பென்சில் ஏன் என்றால், கிழமைகள் மாறிக்கொண்டே இருக்கும்.

கம்பெனிக்காரர்கள் எங்களுக்குத் தொண்ணூறு நாளில் தருவார்கள். பேப்பர் டீலருக்கு நாங்கள் முப்பது நாளில் தரவேண்டும். நடுவில் இருக்கிற அறுபது நாளில் பாதியை பேங்க்கின் சி.சி. லிமிட், அதாவது தேவைப்படும்போது எடுத்துக்கொள்கிற கடன் வரம்பு, தாங்குகிறது. மீதியை இந்தத் திங்கட்கிழமைதான் தாங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் காலத்துல யாருக்கா செக் குடுக்கறாங்க, ஆன்லைன்ல போட்டுட வேண்டியதுதான?" என்று பெங்களூரில் இருக்கிற தம்பி கேட்பான். அவனுக்கு மாசம் பிறந்தால் சம்பளம். பேங்க்குக்குப் பேங்க் பணம் அனுப்புகிற நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிறது, பெரிய தொகைக்கான ஆர்.டி.ஜி.எஸ். அடுத்த டிசம்பரிலிருந்து. பெரிய கம்பெனிகள் அப்படித்தான் அனுப்புகின்றன. ஆனால் ஆன்லைனில் அனுப்பினால் பணம் அந்த நிமிஷமே போய்விடும். செக் கொடுத்தால், கொடுத்த மாதிரியும் ஆகும், கொஞ்ச நாளைக்குக் கையிலேயே இருக்கிற மாதிரியும் ஆகும். எங்களைப் போன்றவர்கள் செக் புக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். வெளியில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அப்பா காலத்தில் இந்த இடைவெளி தாராளமாக இருந்தது. உள்ளூர் செக் என்றால் ஒவ்வொரு பேங்க்கிலிருந்தும் ஒரு ஆள் செக்குகளைக் கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு கிளியரிங் ஹவுஸுக்குப் போவார். உங்கள் பேங்க் செக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் பேங்க் செக்கை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று மேஜை மேல் மாற்றிக்கொள்வார்கள். கழித்துப் பார்த்து, கடைசியில் யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரே ஒரு தொகை. கல்கத்தா பார்ட்டி செக் என்றால் அது தபாலில் அங்கே போய்ப் பாஸாகித் திரும்பவேண்டும். பதினைந்து நாள், சில சமயம் இருபது நாள், போதாததற்கு கலெக்ஷன் சார்ஜ். வெளியூர் செக்கை நீட்டினால் அப்பா அதை விரல் நுனியில்தான் வாங்குவார்.

இப்போது காகிதம் எங்கேயும் போவதில்லை. இதை எங்கள் லோடுமேன் அண்ணனிடம் சொன்னால் இன்னும் நம்ப மாட்டார். நாம் செக்கைப் போடுகிற பேங்க், அதை ஸ்கேன் செய்து மூன்று படம் எடுக்கிறது. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று. கீழே இருக்கிற வெள்ளைப் பட்டையில் உள்ள எண்களை மெஷின் படித்துக்கொள்கிறது. முதல் ஆறு இலக்கம் செக் நம்பர். அடுத்த ஒன்பதில் ஊருக்கு மூன்று, பேங்க்குக்கு மூன்று, கிளைக்கு மூன்று. படமும் எண்ணும் என்.பி.சி.ஐ. என்கிற தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் நடத்துகிற கிளியரிங் ஹவுஸ் வழியாகச் செக் கொடுத்தவரின் பேங்க்குக்குப் போகும். அங்கே கையெழுத்து ஒத்துப்போகிறதா, கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்து 'சரி' அல்லது 'இல்லை' என்று பதில் வரும். நிஜச் செக் நம் பேங்க்கிலேயே தூங்கும். காகிதத்தின் பயணத்தை நடுவழியில் வெட்டிவிடுவதால்தான் இதற்குச் செக் டிரங்கேஷன் சிஸ்டம், சி.டி.எஸ். என்று பெயர். 2008 பிப்ரவரியில் டெல்லியில் தொடங்கி, 2011 செப்டம்பரில் சென்னைக்கு வந்தது. ஒரே இடத்தில் கிளியரிங் நடக்கிற மாநிலங்களின் கூட்டமான சென்னை கிரிட்டுக்குள் மேற்கு வங்கமும் இருந்ததால், அப்பாவை இருபது நாள் காக்கவைத்த கல்கத்தா செக் திடீரென்று உள்ளூர்ச் செக் மாதிரி ஆகிவிட்டது. 2023-ல் சென்னை, மும்பை, டெல்லி என்ற மூன்று கிரிட்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

படம்தான் போகிறது என்பதால் சில விஷயங்கள் முன்னைவிட முக்கியம். எங்கள் ஊர் ஆண்கள் செக்கை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போனுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார்கள். மே மாசத்தில் அது என் கைக்கு வரும்போது ஈரத்துணி மாதிரி இருக்கும். வெள்ளைப் பட்டையில் ஸ்டேப்ளர் முள்ளைக் குத்திவிடுவார்கள். கையெழுத்தின் மேலேயே ரப்பர் ஸ்டாம்பை ஓங்கி அடிப்பார்கள். முன்பெல்லாம் தொகையில் ஒரு எழுத்து தப்பினால் அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கையெழுத்து போட்டால் போதும். சி.டி.எஸ். செக்கில் பெயரிலோ தொகையிலோ திருத்தமே கூடாது. தப்பினால் அந்த இலையைக் கிழித்துவிட்டு வேறு எழுதவேண்டியதுதான். "ஒரு சின்னத் திருத்தம் தானுங்களே" என்று கொடுக்கிற செக்கை நான் அவர்கள் முன்னாலேயே திருப்பித் தந்துவிடுவேன். கெட்ட பெயர்தான், இருக்கட்டும்.

இவ்வளவு வேகம் வந்த பிறகும் ஒரு நாள் இடைவெளி மிச்சம் இருந்தது. இன்றைக்குப் போட்ட செக்குகளை மொத்தமாகச் சேர்த்து அனுப்புவார்கள், மறுநாள்தான் பணம் எடுப்பார்கள். நடுவில் ஞாயிறோ இரண்டாம் சனிக்கிழமையோ வந்தால் இன்னும் ஒன்றிரண்டு நாள். என் நோட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து நின்றது இந்த ஒரு நாளில்தான்.

2025 அக்டோபர் 4, சனிக்கிழமை, அந்த ஒரு நாளும் போனது.

ரிசர்வ் வங்கி அன்றைக்குத் தொடர் கிளியரிங்கைக் கொண்டுவந்தது. காலை 10 மணியிலிருந்து சாயங்காலம் 4 மணி வரை, செக் வர வர ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். கொடுத்தவரின் பேங்க் ராத்திரி 7 மணிக்குள் பதில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மௌனம் சம்மதம், பாஸானதாகவே கணக்கு. 11 மணியிலிருந்து மணிக்கொரு தரம் பேங்க்குகளுக்குள் கணக்கு நேராகும். நேரான ஒரு மணி நேரத்துக்குள் வாங்கியவர் கணக்கில் பணம் ஏறவேண்டும்.

பேப்பரில் செய்தி வந்திருந்தது. நானும் படித்தேன். நல்ல விஷயம்தானே, நமக்குப் பணம் சீக்கிரம் வருமே என்று தோன்றியது. வாங்குகிறவளாகவே யோசித்திருக்கிறேன். கொடுக்கிறவளும் நான்தான் என்பது மூளைக்கு எட்டவில்லை.

அந்தச் சமயம் எங்களுக்கு ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதம் மாறியதில் அட்டைப்பெட்டி 12 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியது, அதைச் செய்கிற கிராஃப்ட் பேப்பர் 12-லிருந்து 18-க்கு ஏறியது. வாங்கும்போது 18 கட்டி, விற்கும்போது 5 வாங்கி, மிச்சம் கிரெடிட்டாக அரசாங்கத்திடம் கிடக்கிறது. தீபாவளி 20-ஆம் தேதி. பதினேழு பேருக்குப் போனஸ். ஆயுத பூஜைக்கும் காந்தி ஜெயந்திக்கும் பேங்க் லீவு வேறு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேப்பர் டீலருக்கு ₹1,84,600-க்கு செக் கொடுத்தேன். நம் கணக்கு என்ன? சனிக்கிழமை அவர் போடுவார், திங்கட்கிழமை என் கணக்கில் எடுப்பார்கள். ஒரு பனியன் கம்பெனி கொடுத்த ₹2,36,000 செக்கைச் சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு நான் போய் டிராப் பாக்ஸில் போட்டேன். அதுவும் திங்கட்கிழமை வந்துவிடும். நோட்டில் இரண்டு தொகையும் எதிரெதிரே ஒரே வரியில் உட்கார்ந்திருந்தன. பார்க்கவே அழகாக இருந்தது.

மூன்று மணி இருக்கும். போனில் ஒரு எஸ்.எம்.எஸ். நிதி போதாமையால் செக் திருப்பி அனுப்பப்பட்டது. கீழேயே இன்னொன்று: ₹590 கட்டணம், 500 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும். முதலில் யாரோ பார்ட்டி செக் திரும்பியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். நம்பரைப் பார்த்தால் என்னுடையது.

டீலர் காலை பத்தரைக்கே போட்டிருக்கிறார். என் கணக்கில் அப்போது எடுக்கக்கூடியது ₹61,000-தான். நான் நம்பியிருந்த ₹2,36,000 டிராப் பாக்ஸ் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. சனிக்கிழமை நான் போடுவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து எடுத்துவிட்டார்களாம். திங்கட்கிழமைதான் ஸ்கேன். முதல் வாரம் எல்லா இடத்திலும் குளறுபடியாக இருந்ததால் பணம் ஏறியது செவ்வாய்க்கிழமை ராத்திரி. வேகமான பாதையில் என் செக் ஓடியது, பார்ட்டி செக் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது.

டீலர் அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். கோபமே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஏனுங் மேடம், செக்கு திரும்பிருச்சுங்களே. பேங்க்லதான் ஏதோ தப்புப் பண்ணிட்டாங்களாட்ட இருக்குது" என்றார். பேங்க் தப்பு இல்லை என்று சொன்னேன். "செரி விடுங்க, மறுக்கா போட்டுக்கலாங்க. எப்பப் போடட்டும்?" திங்கட்கிழமை என்று சொல்ல வாய் வந்தது. புதன்கிழமை என்றேன்.

அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தறித் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "நான் செக்கு எழுதுன வரைக்கும் ஒண்ணுகூடத் திரும்புனதில்ல கண்ணு" என்றார். அவ்வளவுதான். சாப்பிடப் போய்விட்டார்.

செக் திரும்பினால் காரணம் எழுதிப் பேங்க் தருகிற சீட்டுதான் ரிட்டர்ன் மெமோ. அதை டீலர் நினைத்திருந்தால் சும்மா விட்டிருக்கவேண்டியதில்லை. மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் எனக்குக் கிடைத்து 15 நாளில் நான் பணம் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் 138-ஆவது பிரிவில் கோர்ட்டுக்குப் போகலாம். நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட் என்கிற 1881-ஆம் வருஷத்துச் சட்டம், செக்குக்காக இந்தப் பிரிவு சேர்ந்தது 1989-ல். இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். நோட்டீஸ் அனுப்பாமல் விட்டு ஏமாந்தவள் நான்.

2019-ல் ஒரு ஜாப் ஒர்க் பார்ட்டி, கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்துகொடுக்கிறவர். தூரத்துச் சொந்தம், அப்பாவை மாமா என்று கூப்பிடுகிறவர். ₹3,42,000 செக். முதல் முறை திரும்பியது. "மன்னிச்சுக்குங்க அக்கா, திங்கட்கிழமை போடுங்க." போட்டேன், திரும்பியது. இன்னொரு திங்கட்கிழமை. அதுவும் திரும்பியது. செக்குக்கு உயிர் மூன்று மாதம்தான், 2012 ஏப்ரலுக்கு முன்பு ஆறு மாதமாக இருந்தது. அந்த மூன்று மாதத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். இரண்டாவது, மூன்றாவது முறை திரும்பியதை வைத்தும் வழக்குப் போடலாம் என்று எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் மூன்றாவது மெமோ கையில் இருந்தபோதுகூட எனக்கு முழுசாக 30 நாள் இருந்தது. சொந்தக்காரருக்கு எப்படி வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது என்று அம்மா யோசித்தார். ஒரு கல்யாணம் வந்தது. அதில் அவரே பந்தியில் நின்று எனக்குப் பாயசம் ஊற்றினார். முப்பத்தைந்தாவது நாள் வக்கீலிடம் போனேன். அவர் மெமோவில் இருந்த தேதியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

செக்கின் மூன்று மாதமும் அதற்குள் முடிந்துவிட்டதால் இன்னொரு முறை போட்டு இன்னொரு மெமோ வாங்கவும் வழியில்லை. சிவில் வழக்குப் போடலாம் என்றார். போடவில்லை. இருபதாயிரம், பதினைந்தாயிரம் என்று கொரோனா காலம் முழுக்க வந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் ₹62,000 நிற்கிறது. அந்த பில்லில் ஜி.எஸ்.டி. மட்டும் முப்பத்தாறாயிரம் சொச்சம். செக் திரும்பினால் என்ன, பாஸானால் என்ன, அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அதை நான் கட்டியாகவேண்டும், கட்டினேன்.

அக்டோபருக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை கொஞ்சம்தான். டிராப் பாக்ஸை விட்டுவிட்டேன். கவுண்ட்டரில் கொடுத்து, சலானின் அடிக்கட்டையில் முத்திரை வாங்கிக்கொள்கிறேன். ரிசர்வ் வங்கி சொல்கிற நேரம் வேறு, கிளையில் வாங்குகிற நேரம் வேறு. எங்கள் கிளையில் ஒரு மணிக்கு மேல் கொடுத்தால் "நாளைக்குத்தான் மேடம் போகும்" என்பார்கள். அம்பதாயிரத்துக்கு மேல் நான் கொடுக்கிற செக்கின் நம்பர், தேதி, பெயர், தொகையைப் பேங்க் ஆப்பில் முன்கூட்டியே ஏற்றிவிடுகிறேன். பாசிட்டிவ் பே என்று 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ஐந்து லட்சத்துக்கு மேல் போனால் அதைக் கட்டாயமாக்க பேங்க்குகளுக்கு அனுமதியும் உண்டு. ஏற்றாத செக்கைப் பார்க்கிறவர் ஒரு நிமிஷம் அதிகமாக யோசிப்பார், அந்த யோசனை எனக்கு வேண்டாம்.

பார்ட்டிகளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை போடவேண்டும் என்றால் செக்கிலேயே திங்கட்கிழமைத் தேதியைப் போடுங்கள். நிறையப் பேருக்கு இது பிடிக்கவில்லை. ஒருவர், "வாய் வார்த்தைக்கு மதிப்பு இல்லைங்களா அம்மணி?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பில்லை நெஃப்டில் அனுப்பினார். செக்கும் அதே வேகத்தில் போகிறது என்றால் எதற்குச் செக் என்று அவருக்கும் தோன்றியிருக்கும்.

2026 ஜனவரி 3-லிருந்து மூன்றே மணி நேரத்தில் பதில் சொல்லவேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். டிசம்பர் கடைசியில் அதைத் தள்ளிவைத்துவிட்டு, செக் அனுப்புகிற நேரத்தை மட்டும் காலை 9-லிருந்து 3 வரை என்று மாற்றினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதை இங்கே மட்டும் சொல்லிவைக்கிறேன்.

போன வாரம் டீலர் வந்து செக் வாங்கினார். பழைய பழக்கத்தில், "எப்பப் போடட்டுங்க மேடம், திங்கட்கிழமைங்களா?" என்றார். நான் போனை எடுத்து பேலன்ஸைப் பார்த்தேன். காலையில் கவுண்ட்டரில் கொடுத்த ஒரு செக் இன்னும் ஏறவில்லை.

"இன்னிக்கே போடுங்கண்ணா. பன்னெண்டு மணிக்கு மேல போடுங்க."